மாப்பிள்ளையின் கோட்டும் மூன்று எழுத்தும்

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

பெண்ணின் தகப்பன் வணக்கத்துடன் எழுதும் மின்னஞ்சல். தங்கள் வீட்டில் எல்லோரும் நலமாகவும், என்மேல் அதிகக் கோபமில்லாமலும் இருக்க வேண்டுகிறேன். பதற்றத்தில் குழப்பிவிடுவேன் என்பதால் விஷயத்தை முதலிலேயே வரிசைப்படுத்துகிறேன்:

1. மாப்பிள்ளையின் கல்யாணக் கோட்டு உள்ள பெட்டி, நான் இப்போது உட்கார்ந்திருக்கும் இந்த அந்நிய ஊரில்தான் இருக்கிறது.
2. அது இங்கே வந்ததற்கு நானே காரணம்.
3. நாளை மாலைக் கல்யாணத்துக்குள் அதைக் கொண்டுவந்து சேர்ப்பேன்.

விமான நிலையத்தில் பெட்டிக்கு நாமே சீட்டு ஒட்ட வேண்டுமாம். இயந்திரம் துப்பிய சீட்டில் மூன்று ஆங்கில எழுத்துகள். உங்கள் ஊர்ப் பெயரில் அவற்றில் ஒன்றுகூட இல்லை. நானோ ஓய்வு பெறும்வரை அஞ்சல் நிலையத்தில் கடிதம் பிரித்தவன். ஊர் தப்பாக இருந்தால் சிவப்பு மையில் அடித்து, சரியான ஊரை எழுதிக் கையெழுத்திடுவது எங்கள் வழக்கம். கை தானாகவே அதைச் செய்துவிட்டது. உங்கள் ஊரின் முதல் மூன்று எழுத்துகளை அழகாக எழுதினேன். "எதுக்கும் அந்த கவுண்டர் பொண்ணுகிட்ட ஒரு வார்த்தை கேளுங்களேன்" என்றாள் மனைவி. எனக்குக் கூச்சம். பெட்டி உருண்டு மறைந்த பிறகு அறிவிப்புப் பலகையைப் பார்த்தால், நான் எழுதியது கடல் தாண்டி வேறோர் ஊரின் எழுத்து! மனைவியை உங்கள் ஊருக்கு அனுப்பிவிட்டு, பெட்டியைத் துரத்திக்கொண்டு நான் இங்கே பறந்து வந்தேன்.

இங்கே தொலைந்த பெட்டிகளைத் தேடும் அலுவலகத்து அதிகாரி, நம் தமிழர்தான், சிரிக்கிறார். "ஐயா, ஊர்ப் பேரு வேற, எழுத்து வேற. சிகாகோ ஏர்போர்ட்டுக்கு முன்னாடி ஆர்ச்சர்டு, அதான் பழத்தோட்டம்னு பேரு இருந்துச்சு. பேரு போயிடுச்சு, ஓ.ஆர்.டி.ங்கிற எழுத்து தங்கிடுச்சு. லாஸ் ஏஞ்சல்ஸுக்கு எல்.ஏ.எக்ஸ்; கடைசி எக்ஸுக்கு அர்த்தமே இல்ல, ரெண்டெழுத்தை மூணாக்க ஒட்டினது. கனடால எந்த ஊரைப் பார்த்தாலும் முதல் எழுத்து ஒய்!"

"ஏன் ஒய்?"

"அதைச் சொல்ல ஆரம்பிச்சா உங்க பெட்டியை யாரு தேடுறது?"

தேடுகிறார்கள். கிடைத்துவிடும் என்றுதான் நினைக்கிறேன். மாப்பிள்ளைக்கு என் ஆசிகள். சம்பந்தியம்மாவிடம் என் சார்பில் நீங்களே மன்னிப்புக் கேட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் சம்பந்தி

பி.கு.: இதற்குள் மனைவி போன் செய்தாள். "பெட்டி என்கூடவே வந்துடுச்சு. நீங்க கிறுக்கினதை யாரு படிச்சா? சீட்டுல கீழ கோடு கோடா இருக்கே, மெஷின் அதைத்தான் படிக்குமாம். மாப்பிள்ளை கோட்டைப் போட்டும் பார்த்தாச்சு. நீங்க எப்ப வருவீங்க?" இங்கிருந்து அடுத்த விமானம் நாளை மறுநாள்தானாம். கல்யாணத்தை இரண்டு நாள் தள்ளிவைக்கச் சொன்னால் கோபித்துக்கொள்வீர்களா? மேலே வரிசையில் ஒன்றாம் எண்ணில் தவறு நேர்ந்துவிட்டது: இங்கே இருப்பது பெட்டி அல்ல, பெண்ணின் தகப்பன்.