முப்பதாம் பக்கத்திலேயே கண்டுபிடித்தவர்

துப்பறியும் நாவல் படிப்பவர்களில் பல ரகம் உண்டு. சாப்பிட்டுக்கொண்டே படித்துப் பக்கத்துக்குப் பக்கம் எண்ணெய்க் கறை வைப்பவர்கள், பஸ்ஸில் அடுத்தவர் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்துப் படித்துவிட்டு, அவர் பக்கத்தைத் திருப்பினால் “கொஞ்சம் இருங்க” என்பவர்கள், கொலை நடந்த அத்தியாயத்தைப் படித்த கையோடு எழுந்துபோய்க் கொல்லைக் கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வருபவர்கள். இவர்களையெல்லாம் நாம் மன்னித்துவிடலாம். ஆனால் இன்னொரு ரகம் இருக்கிறது. பாதிப் புத்தகத்தில், திரைக்குப் பின்னால் நிற்பது யாரோ என்று நெஞ்சு படபடக்க நீங்கள் உட்கார்ந்திருக்கும்போது, தற்செயலாக அந்தப் பக்கம் போகிறவர் போல வந்து, ஓரக்கண்ணால் அட்டையைப் பார்த்து, “ஓ, இதுவா? நான் முப்பதாம் பக்கத்துலயே கண்டுபிடிச்சிட்டேன்” என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போகும் ரகம். போனவர் அப்படியே போனால் பரவாயில்லை. திரும்பி வருவார். வந்து, யார் என்றும் சொல்லுவார்.

இந்த ரகத்தில் நமக்குக் கிடைத்த முதல் தரமான மாதிரி, இன்ஷூரன்ஸ் ஆபீஸ்காரர் ஒருவர். விபத்தில் அடிபட்டு நஷ்டஈடு கேட்டு வருகிறவர்களை விசாரிக்கும் மேஜை அவருடையது. கை ஒடிந்து கட்டுப் போட்டு வந்திருப்பவரை மேலும் கீழும் பார்த்து, “தானா விழுந்தீங்களா, பாத்து விழுந்தீங்களா?” என்று கேட்பார். யாரையும் பேசி முடிக்க விடமாட்டார் என்பதால் ஆபீஸில் அவருக்கு முந்திரிக்கொட்டை என்று பெயர். அந்தப் பெயரை வைத்தது யார் என்பதை மட்டும் அவர் இன்னும் கண்டுபிடிக்கவில்லை.

சரி, நாவல்களில் மட்டும் எப்படிக் கண்டுபிடிக்கிறார்? அதற்கு ஒரு முறை இருக்கிறது. புத்தகம் வீட்டுக்கு வந்ததும், மூக்குக்கண்ணாடியைத் துடைக்கத் துணி தேடுகிறவர் போல அதையும் கையோடு எடுத்துக்கொண்டு படுக்கையறைக்குள் போவார். கதவு சாத்தப்படும். கடைசி அத்தியாயம் திறக்கப்படும். குற்றவாளியின் பெயர் கண்ணில் படும்வரை விரல் வரிவரியாக இறங்கும். பெயர் கிடைத்ததும் கண்ணாடி பளபளக்க வெளியே வந்து, சாய்வு நாற்காலியில் சாய்ந்து, முதல் பக்கத்திலிருந்து அப்பழுக்கில்லாத வாசகராக ஆரம்பிப்பார். முடிவு தெரிந்த பிறகு தடயங்களுக்கா பஞ்சம்? தாமாகவே வந்து காலில் விழும். முப்பதாம் பக்கம் வந்ததும் புத்தகத்தை மார்பில் கவிழ்த்துவைத்து, உள்ளே பார்த்துக் குரல் கொடுப்பார்.

“இங்க வாயேன். இவன்தான்!”

இது ஏமாற்று வேலை என்று நினைத்துவிடாதீர்கள். அவர் அப்படி நினைப்பதில்லை. கண்டுபிடிக்கப்போவது சரியா என்று கொஞ்சம் முன்னதாகவே சரிபார்த்துக்கொண்டார், அவ்வளவுதான்.

அவர் குரல் கொடுப்பது மனைவிக்கு. அந்த அம்மாள் வீட்டிலேயே துணி தைத்துக் கொடுப்பவர். ஊர் நூலகத்திலிருந்து புத்தகங்களை எடுத்து வருவதும் அவர்தான். எடுத்து வருவது அவர், முதலில் படிப்பது நம்மவர். கல்யாணமான நாளிலிருந்து அந்த அம்மாள் எத்தனையோ கொலைக் கதைகளைப் படித்திருக்கிறார். கொலைகாரன் யார் என்று தெரியாமல் ஒன்றையும் படித்ததில்லை.

இப்படியிருக்கும்போதுதான் அந்த நாவல் வந்தது. மழை விடாத ஒரு சின்ன ஊர். குடைக்கடைக்கு மேல்மாடியில் வாடகைக்கு ஆபீஸ் வைத்திருக்கும் ஒரு தனியார் துப்பறிவாளர். பூட்டிய அறையில் செத்துக் கிடக்கும் பணக்காரர். சந்தேகத்துக்கு ஒரு டாக்டர், ஒரு தம்பி மகன், ஒரு போட்டோ ஸ்டூடியோக்காரர். படித்தவர்கள் எல்லாம் ராத்தூக்கம் போச்சு என்றார்கள். நூலகத்தில் அதற்கு வாசகர் கருத்துக் கூட்டம் ஏற்பாடாயிற்று. நாவலாசிரியரே வருகிறாராம். அதுமட்டுமல்ல, கூட்டத்தில் சொல்லப்படும் கருத்துகளில் மிகச் சிறந்த ஒன்றை, சொன்னவரின் புகைப்படத்தோடு, இரண்டாம் பதிப்பின் பின்னட்டையில் போடப்போகிறார்களாம்.

நம்மவருக்கு அதற்குப் பிறகு இருப்புக் கொள்ளவில்லை. புத்தகம் வீட்டுக்கு வருவதற்கு முன்பே ஸ்டூடியோவுக்குப் போய்ப் படம் எடுத்துக்கொண்டார். மோவாயில் இரண்டு விரல். கண்ணில் எல்லாம் தெரிந்த பாவனை. “அச்சுல ஏறிட்டா அப்புறம் ஆபீஸ்ல ஒருத்தன் வாயத் திறப்பானா?” என்று மனைவியிடம் கேட்டார். முந்திரிக்கொட்டை என்ற பெயரைத் துடைத்துப்போட அவருக்கு அந்தப் பின்னட்டை வேண்டியிருந்தது. அந்த ஆசையில் தப்பு என்ன இருக்கிறது?

ஒருவழியாக அம்மாள் புத்தகத்தைக் கொண்டுவந்தார். பல கை மாறித் தையல் விட்டுப்போன பிரதி. அவர் பையிலிருந்து புத்தகத்தை எடுத்து மேஜைமேல் வைத்தார். வேறெதையோ எடுத்துத் தையல் மெஷின் டிராயரில் வைத்து மூடினார். நம்மவர் பார்க்கவில்லை. முப்பது பக்கத்தில் கொலைகாரனைப் பிடிக்கிறவருக்குச் சொந்த வீட்டு டிராயரைப் பார்க்க நேரம் ஏது?

கண்ணாடி துடைக்கும் சடங்கு முடிந்தது. கடைசிப் பக்கத்தில் துப்பறிவாளர் எல்லாரையும் கூட்டி நிறுத்தி, ‘கொலை செய்தது இந்த டாக்டர்தான்’ என்று விரலை நீட்டியிருந்தார். டாக்டர் தலைகுனிந்திருந்தார். முற்றுப்புள்ளி. பூட்டிய அறைக்குள் டாக்டர் எப்படிப் போனார் என்று எங்கும் சொல்லவில்லையே என்ற கேள்வி முன்னாலிருந்து படித்து வருகிற எவருக்கும் எழுந்திருக்கும். பின்னாலிருந்து வந்தவருக்கு எழவில்லை. ‘திடீர்னு முடிச்சிருக்கான். இப்பல்லாம் இப்படித்தான் எழுதறாங்க’ என்று மெச்சிக்கொண்டு முதல் பக்கத்துக்குப் போனார்.

முப்பதாம் பக்கம். “இங்க வாயேன். டாக்டர்தான்!”

“அப்படியா?” என்றார் அம்மாள், ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டே.

“பாரு, வந்ததும் கை கழுவறான். போகும்போதும் கழுவறான். எதுக்கு?”

“டாக்டருங்க கை கழுவுவாங்கதானே?”

“அதான் உனக்குப் புரியாது” என்றார் நம்மவர். வழக்கமாக இந்த இடத்தில் மனைவியின் முகம் வாடிப்போகும். அன்று வாடவில்லை. அன்று சாயங்காலம் தைக்க வேண்டிய துணியெல்லாம் கிடக்க, ஜன்னலோரத்தில் உட்கார்ந்து அவர் படிக்க ஆரம்பித்தார்.

கூட்ட நாள் வந்தது. வாசகர் கருத்து என்றால் என்னவென்று தெரிய வேண்டுமானால் நீங்கள் அந்தக் கூட்டத்துக்குப் போயிருக்க வேண்டும். மருந்துக்கடைக்காரர் எழுந்து, எழுபதாம் பக்கத்தில் வரும் தூக்க மாத்திரையைச் சீட்டு இல்லாமல் எந்தக் கடையிலும் தரமாட்டார்கள், ஆகவே கதையே நடந்திருக்க முடியாது என்றார். ஒரு பஸ் கண்டக்டர், “அந்த ஊர்ல பஸ்சே ஓடலையா சார்? மனுஷன் எங்க போனாலும் மழையில நனைஞ்சிக்கிட்டு நடந்தே போறாரே?” என்று வருத்தப்பட்டார். கணக்கு டீச்சர் ஒருவர், துப்பறிவாளர் கதை முழுக்க ஒரே சட்டையில் இருப்பதைச் சுட்டிக்காட்டிவிட்டு உட்கார்ந்தார். நாவலாசிரியர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். வேறு என்ன செய்வார், பாவம்?

நூலகர் எழுந்து, “முடிவை மட்டும் யாரும் சொல்லிடாதீங்க, இன்னும் படிக்காதவங்க இருக்காங்க” என்று கேட்டுக்கொண்டு வாயை மூடுவதற்குள் நம்மவர் மேடையேறிவிட்டார். புகைப்படம் சட்டைப்பையில் தயாராக இருந்தது.

“ஆசிரியர் நல்லாத்தான் மறைச்சிருக்கார். ஆனா என்கிட்ட நடக்குமா? டாக்டர்தான் கொலைகாரன்னு முப்பதாம் பக்கத்துலயே சொல்லிட்டேன். சந்தேகமா இருந்தா என் வீட்டுக்காரியக் கேளுங்க.”

அரங்கம் அமைதியாயிற்று. பிரமிப்பு என்று நம்மவர் எடுத்துக்கொண்டார். கை கழுவியது, கடிகாரத்தைப் பார்த்தது, சர்க்கரை வேண்டாம் என்றது எல்லாவற்றையும் விரல்விட்டு அடுக்கினார். முன் வரிசையில் மருந்துக்கடைக்காரர் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

“சார்,” என்றார் நாவலாசிரியர் மெதுவாக, “கடைசி வரைக்கும் படிச்சீங்களா?”

“என்ன சார் இப்படிக் கேட்டுட்டீங்க? நான் கடைசியத்தான் முதல்ல...”

நாக்கைக் கடித்துக்கொண்டார். ஆனால் வார்த்தை வந்துவிட்டது. கூரை அதிரச் சிரித்தார்கள். “டாக்டர் இல்லீங்க, குடைக்கடைக்காரர்!” என்று பின்னாலிருந்து கண்டக்டர் கத்தினார். நூலகர் தலையில் கை வைத்துக்கொண்டார். நம்மவருக்குக் காது சிவந்தது. இறங்கி வரும்போது எந்தப் படியில் கால் வைக்கிறோம் என்று தெரியவில்லை.

சிரிப்பு அடங்கியதும் நாவலாசிரியர், பெண்கள் வரிசையில் உட்கார்ந்திருந்த அம்மாளைப் பார்த்து, “நீங்களாவது கண்டுபிடிச்சீங்களா?” என்றார்.

அவர் தயங்கி எழுந்தார். “எனக்குத் தெரியவே இல்லைங்க. கடைசித் தாள் வரைக்கும் தெரியல. ஒவ்வொரு தடவையும் மாடிக்கு டீ கொண்டுவந்து குடுத்த மனுஷன்தான்னு படிச்சதும், புத்தகத்த மூடிட்டுச் சும்மா உக்காந்துட்டேன். அடுப்புல பால் பொங்கினதுகூடத் தெரியல. இவ்வளவு சந்தோஷமா நான் ஏமாந்ததே இல்ல.”

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. நாவலாசிரியர் பேனாவைத் திறந்து எதையோ எழுதிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மாள் மெஷின் டிராயரைத் திறந்து ஒரு பழைய கவரை நீட்டினார். உள்ளே கழன்றுபோன கடைசி இரண்டு தாள்கள். தப்பித்துவிட்டோம் என்று குடைக்கடைக்காரர் விடும் பெருமூச்சும், அந்தப் பெருமூச்சுக்காகவே டாக்டரோடு சேர்ந்து துப்பறிவாளர் ஆடிய நாடகமும், அறையின் மாற்றுச் சாவியும் அவற்றில்தான் இருந்தன.

“தாள் ரெண்டும் கழண்டுடுச்சு, விஷயமே அதுலதான் இருக்கு, பத்திரம்னு நூலகர் அக்கா தனியாக் குடுத்தாங்க. நானும் அங்க வந்து சேர்ற வரைக்கும் தொடல” என்றார் அம்மாள்.

“என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே? ஊர் சிரிக்க விட்டியே!”

“மேடையேறி நீங்க முடிவச் சொல்லுவீங்கன்னு நான் நினைக்கலைங்க. ஆனா கவர முன்னாடியே குடுத்திருந்தா, எனக்கு யாருன்னு சொல்லியிருப்பீங்க. இத்தனை வருஷத்துல ஒரு கதையையாவது என்னை முடிக்க விட்டிருக்கீங்களா?”

எதிரே நின்ற அம்மாளின் கண் கலங்கியிருந்ததை நம்மவர் அப்போதுதான் பார்த்தார். உள்ளே சுருக்கென்றது. உண்மையாகவே சுருக்கென்றது, அதை நாம் மறைக்கக் கூடாது. அன்று ராத்திரி அந்த இரண்டு தாள்களையும் அவரே பசை தடவி ஒட்டிவைத்தார்.

இரண்டாம் பதிப்பு வந்தது. பின்னட்டையில், ‘இவ்வளவு சந்தோஷமா நான் ஏமாந்ததே இல்ல’ என்ற வரி. படம் வேண்டாம் என்று அம்மாள் சொல்லிவிட்டதால் அந்த இடத்தில் ஒரு குடை வரைந்திருந்தார்கள். நம்மவர் கூனிக் குறுகிப் போயிருப்பார் என்றுதானே நினைக்கிறீர்கள்? ஆபீஸுக்கு அந்தப் புத்தகத்தை எடுத்துப்போய் மேஜைமேல் நிறுத்திவைத்து, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார்:

“நம்ம வீட்டுக்காரி சொன்னதுதான். டாக்டர்னு நான் வேணும்னே மாத்திச் சொன்னேன், அவ ஏமாறட்டும்னு. கவர் டிராயர்ல இருந்தது எனக்கு அப்பவே தெரியும்.”

இவரைப் பார்த்துச் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் அம்மாள் டிராயரை மூடியபோதே, ‘உள்ளே போனது கடைசிப் பக்கம்தான், எனக்கு அப்பவே தெரிஞ்சிடுச்சு’ என்று நீங்கள் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னீர்களா இல்லையா? சொல்லாவிட்டாலும் மனதுக்குள் முதுகில் தட்டிக்கொண்டீர்களா இல்லையா? அதுகூடப் போகட்டும். எதற்கும் தலைப்பைப் படித்த கையோடு நேராக இங்கே இறங்கி வந்திருப்பவர்களிடம் ஒரு வார்த்தை: கண்ணாடி துடைத்தாயிற்றல்லவா? இனி மேலே போய் முதல் வரியிலிருந்து படியுங்கள். நான் யாரிடமும் சொல்லமாட்டேன்.