ஆறே பாலம்தான் என்று நான் சொன்னது

வெனிஸ், காஸ்தெல்லோ
நவம்பர் 20

பெருமதிப்பிற்குரிய மைத்துனர் எர்மெஸ் அவர்களுக்கு, படகு பஸ் ஓட்டி ஓய்வுபெற்ற அல்வீசே பணிவன்போடு எழுதிக்கொண்டது. இங்கே நானும் தங்கள் தங்கை ஸைராவும், அவளுடைய வலது முட்டி ஒன்று நீங்கலாக, சுகம். அங்கே தாங்களும் தங்கள் காதுக் கருவியும் சுகமாயிருக்க, நாளை திருநாள் காணும் ஆரோக்கிய மாதாவை வேண்டிக்கொள்கிறேன்.

இது ஃபோனில் சொல்லக்கூடிய விஷயமில்லை. நான் உரக்கப் பேசினால் திட்டுகிறேன் என்கிறீர்கள், மெல்லப் பேசினால் எதையோ மறைக்கிறேன் என்கிறீர்கள். அதனால் எழுத்திலேயே ஒப்புக்கொள்கிறேன். அக்கரை மெஸ்த்ரேயில் உங்கள் தெருவிலேயே தரைத்தள வீடு, படி கிடையாது, பாலம் கிடையாது, நாலு மாதம் நாயாக அலைந்து எங்களுக்காகப் பிடித்துக் கொடுத்தீர்கள். நேற்றுப் பகல் பன்னிரண்டு மணிக்குள் ரியால்டோ பக்கத்து வக்கீல் அலுவலகத்தில் நாங்கள் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். போடவில்லை. குற்றம் முழுக்க என்னுடையது. ஸைரா மேல் ஒரு தூசியளவும் தவறில்லை.

நேற்று படகு பஸ்காரர்கள் வேலைநிறுத்தம். ஒன்றிரண்டு படகு ஓடத்தான் செய்தது. ஆனால் முப்பத்து நாலு வருஷம் சங்கத்தில் சந்தா கட்டியவன், வேலைநிறுத்த நாளில் போய் ஏறி உட்கார்ந்தால் நாளைக்கு என் சவப்பெட்டியைத் தூக்க எவன் வருவான்? நடப்பது என்று முடிவு செய்தேன். காலை ஒன்பதரைக்குக் கிளம்பும்போது ஸைராவிடம், "ஆறே பாலம்தான். இன்னைக்கு வழி காட்டுறது நான். நீ வாயே திறக்கக் கூடாது" என்றேன். இருபத்தொன்பது வருஷம் தபால் பை சுமந்து இந்த ஊரின் கதவு கதவாகத் தட்டியவளிடம் இப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. "உங்க இஷ்டம் கேப்டன்" என்றாள். சொன்ன சொல்லைக் கடைசிவரை காப்பாற்றினாள்.

மச்சான், ஒரு வெட்கக்கேட்டைச் சொல்கிறேன். எனக்கு இந்த ஊர் தெரியாது. தண்ணீரிலிருந்து பார்த்தால் எல்லாம் தெரியும், எந்த மாளிகைக்கு எந்த நிறத்தில் தண்ணீர் வாசல், எந்தப் படியில் பாசி என்று கண்ணைக் கட்டிவிட்டாலும் சொல்வேன். ஆனால் பாலங்களுக்கு அடியில் போனவனே தவிர மேலே ஏறியவன் இல்லை. பச்சைக் கதவு மாளிகை வந்ததும் வலப்பக்கம் என்று மனதில் குறித்து வைத்திருந்தேன். சந்துப் பக்கமிருந்து பார்த்தால் பச்சைக் கதவுமில்லை, மாளிகையுமில்லை, காரை பெயர்ந்த ஒரு சுவரும் ஒரு குப்பைப் பையும்தான். எல்லாச் சந்தும் ஒரே மாதிரி இருந்தது. இரண்டு பேர் சேர்ந்து நடக்க இடம் போதாததால் ஸைரா அரையடி முன்னால் போய்க்கொண்டிருந்தாள். ஒன்பதாவது பாலம் தாண்டியபோது "ஆறு ஆயிடுச்சா?" என்று மட்டும் கேட்டாள்.

பதினொரு மணிக்கு ஒரு சந்தில், "இதோ, வந்தாச்சு!" என்று அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினேன். சந்து முடிந்த இடத்தில் நாலு படி, அதற்கப்புறம் தண்ணீர். படகிலிருந்தால் எதிர்க்கரைக்கு அரை நிமிடம். அந்தப் படியில் நாங்கள் இருவரும் கோட்டும் தொப்பியுமாக நிற்கும்போது, முன்பு என் படகில் கயிறு போட்டுக்கொண்டிருந்த பையன், இப்போது காய்கறிப் படகு ஓட்டுகிறான், சரியாக அந்த நேரத்துக்கா வந்து தொலைய வேண்டும்!

"என்ன கேப்டன், பஸ்ஸுக்கா நிக்கிறீங்க? இன்னைக்கு ஸ்ட்ரைக்கு, தெரியாதா?"

"உன் வேலையைப் பாருடா" என்றேன்.

"அக்கா, இவரை நம்பி நடந்து வந்தீங்களா? கோஸ் மேல உக்காருங்க, ரெண்டே நிமிஷத்துல ரியால்டோவில விடுறேன்."

ஏறிவிடலாம் என்று எனக்கு ஆசைதான். ஸைராதான், "வேணாம் தம்பி, நடந்தா முட்டிக்கு நல்லதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு" என்று திருப்பி அனுப்பிவிட்டாள். டாக்டர் பாலமே ஏறக்கூடாது என்றுதான் சொன்னதாக எனக்கு ஞாபகம். என் மானத்தைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னாள் என்று நினைத்து உருகிப்போனேன்.

அங்கிருந்து எங்கெங்கோ சுற்றி, திருநாளுக்கு மாதா கோயில் போகிறவர்களுக்காகப் பெரிய கால்வாயின் குறுக்கே கட்டியிருக்கும் படகுப் பாலத்தில் போய் நின்றோம். வருஷத்தில் சில நாள் மட்டும் இருக்கிற பாலம். என் உத்தியோக காலத்தில் அதைத் திட்டாத நவம்பர் கிடையாது, படகை மறிக்கிறதே என்று. ஒரு தடவைகூட நடந்ததில்லை. "வந்தது வந்தாச்சு, முட்டிக்கு ஒரு மெழுகுவத்தி ஏத்திட்டுப் போயிடலாம்" என்றாள். நடுப்பாலத்தில் நின்றேன். முப்பத்து நாலு வருஷம் நான் ஓடிக்கொண்டே இருந்த தண்ணீரை முதல் தடவையாக நின்று பார்த்தேன். இதை விட்டுப் போகப்போகிறோம் என்று அப்போதுதான் உறைத்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது, மச்சான். காற்று என்று சொன்னேன். "ஆமாங்க, காத்துதான்" என்று தன் கைக்குட்டையைக் கொடுத்தாள்.

மெழுகுவத்தி ஏற்றி, வழி கேட்டு, வக்கீல் அலுவலகம் போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்றேகால், பாலம் இருபத்தேழு. வீட்டுக்காரர் கொதித்துப்போயிருக்கிறாராம். நீங்களே நேரில் வந்து பேசினால் மட்டும் மாதக் கடைசிவரை பொறுப்பாராம், இல்லையென்றால் அடுத்த ஆளுக்குக் கொடுத்துவிடுவாராம். ஆகவே மச்சான், உங்கள் காலில் விழுகிறேன், போய்ப் பேசுங்கள். எனக்கு வர விருப்பம் இல்லைதான், இனி ஒளித்து என்ன. ஆனால் இரவெல்லாம் அவள் முட்டியை நீவிக்கொண்டு உட்கார்ந்திருப்பதை என்னால் பார்க்க முடியவில்லை. என் ஆசைக்காக அவள் இந்த வீட்டின் மூன்று மாடி ஏறக் கூடாது.

ஆரோக்கிய மாதாவின் அருளும் புனித மார்க்கின் காவலும் தங்கள் வீட்டுக்கு என்றும் துணையிருப்பதாக.

தங்கள் வருகையை எதிர்பார்த்துத் தலைகுனிந்து நிற்கும்,
அல்வீசே ஸென்னாரோ

பி.கு. அண்ணா, இது ஸைரா. தபாலில் போடச் சொல்லி என்னிடம் கொடுத்தார். உத்தியோகத்தில் இருந்தவரை ஒருத்தர் கடிதத்தையும் பிரித்ததில்லை, இதைப் பிரித்தேன். நீ அந்த வீட்டுக்காரரிடம் போய்ப் பேச வேண்டாம். மூன்றாவது திருப்பத்திலேயே வலப்பக்கம் போயிருந்தால் பத்தரைக்கு அலுவலகத்தில் இருந்திருப்போம். முன்னால் நடந்தது நான், தெரிந்தே இடப்பக்கம் திரும்பியதும் நான்தான். எனக்காக இவர் வருகிறார், உனக்காக நான் வருகிறேன் என்றால், வர ஆசைப்பட்டவர் யார் அண்ணா? முட்டி வலிக்கத்தான் செய்கிறது. அங்கே வந்தாலும் வலிக்கும். காய்கறிக்குக் கூடையைக் கயிறு கட்டி இறக்கிக்கொள்கிறேன், நீ கோபப்படாதே. இவரிடம் மட்டும் மூச்சு விட்டுவிடாதே. தன்னால்தான் வீடு போயிற்று என்று, கல்யாணமான நாளிலிருந்து முதல் தடவையாக இன்று காலை பாத்திரம் தேய்த்தார். கிறிஸ்துமஸ் வரைக்குமாவது அப்படியே நினைத்துக்கொண்டிருக்கட்டும்.