மனத்திடத் திட்டமும் ஓய்வுபெற்ற கண்டக்டரும்

எச்.ஐ.வி. உள்ள முதியவர்கள் மாத்திரையை ஏன் ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை என்று சுகாதாரத் துறை தீவிரமாகச் சிந்தித்தது. அவர்களுக்கு மனத்தடை இருப்பதாகவும், அதை அகற்றத் துறையிடம் போதிய நாற்காலிகள் இருப்பதாகவும் சிந்தனையின் முடிவில் தெரியவந்தது. அப்படிப் பிறந்ததுதான் முதியோர் மனத்திடத் திட்டம்.

முதல் ஆளாகச் சேர்க்கப்பட்டவர் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். மனைவி இருந்தவரை ஒரு வேளையும் தவறவிடாதவர். அந்த அம்மாள் போன பிறகு விட்டு விட்டுச் சாப்பிட்டதில், அடங்கியிருந்த கிருமி தலைதூக்கி, ஆள் பாதியாகியிருந்தார்.

"ரகசியம் காக்கப்பட வேண்டிய கண்டக்டர் பெரியவர் உடனே உள்ளே வரவும்" என்று ஒலிபெருக்கி அழைத்தது. பிரசவ வார்டு வரை திரும்பிப் பார்த்தது.

உள்ளே, இப்போது ஊரெல்லாம் கிராக்கியாக இருக்கும் மனவளப் பயிற்சியாளர் ஒருவர் இருந்தார்.

"கண்ணை மூடுங்க. மாத்திரையை மனசார நேசிங்க."

"அது மேல எனக்கு ஒரு கோபமும் இல்லீங்க. வீட்டுல மறைச்சுல்ல சாப்பிட வேண்டியிருக்கு? மருமக காலடிச் சத்தம் கேட்டா அப்படியே பையில போட்டுடறேன். தெரிஞ்சா இந்த வயசுல என்னைப் பத்தி என்ன நினைப்பா? முன்னெல்லாம் வீட்டுக்காரி, போட்டாச்சான்னு கேப்பா. இப்ப கேக்க ஆளில்ல."

"அது தனிமை. தனிமை அடுத்த வாரப் பாடம். இது நேசம்."

விஷயம் திட்ட அதிகாரியின் காதுக்குப் போனது. கேட்க ஆளில்லை என்பதுதான் குறை என்றால், கேட்பதற்கு ஒரு இயந்திரம் வாங்கிவிடலாம் என்று அவர் ஆணையிட்டார். குரல் மட்டும் கனிவாக இருக்க வேண்டும் என்றார்.

அடுத்த நாள் சாயங்காலம் கண்டக்டர் குளித்துக்கொண்டிருந்தார். கூடத்தில் அவருடைய போன் அடித்தது. பாத்திரம் கழுவிய கை ஈரமாக இருந்ததால் மருமகள் அதை ஸ்பீக்கரில் போட்டாள்.

"அன்புள்ள முதியவரே, உங்கள் எச்.ஐ.வி. மாத்திரையைச் சாப்பிட்டுவிட்டீர்களா? ஆம் என்றால் ஒன்றை அழுத்தவும். இந்த அழைப்பு முற்றிலும் ரகசியமானது."

துண்டோடு வெளியே வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த மகனும் நிமிரவில்லை. மருமகள் ஒன்றை அழுத்தி வைத்தாள்.

"இல்லன்னா இது விடாது மாமா. சரி, நிஜமா போட்டீங்களா?"

"உனக்கு... தெரியுமா?"

"அத்தை ஆஸ்பத்திரியில இருந்தப்பவே சொல்லிட்டாங்க. உங்களைப் பாத்துக்கச் சொன்னாங்க."

"அப்புறம் ஏம்மா ஒரு வார்த்தை கேக்கல?"

"உங்களுக்குச் சங்கடமா இருக்குமேன்னு..." மகன் குனிந்தபடியே சொன்னான். "நீங்க இளைச்சுக்கிட்டே போறதைப் பாத்துப் பாத்து, ராத்திரி நாங்க ரெண்டு பேரும் உங்களைப் பத்தித்தாம்பா பேசுவோம்."

கண்டக்டர் கட்டிலில் உட்கார்ந்தார். மருமகள் தண்ணீர் கொண்டுவந்து, அவர் மாத்திரையை விழுங்கும் வரை அங்கேயே நின்றாள்.

சில மாதங்களில் கிருமி அடங்கியது. யார் யாரோ ஒன்றை அழுத்தியதில் எல்லா முதியவர்களும் மாத்திரை சாப்பிடுவதாக இயந்திரம் அறிவித்தது. அதிகாரிக்குப் பாராட்டு விழா நடந்தது. விழா முடிந்ததும் அவர் கண்டக்டரைத் தனியே அழைத்தார்.

"பெரியவரே, மனத்தடை எப்படி நீங்குச்சு? இயந்திரமா, நேசமா?"

"மருமக கேட்டா சார். போட்டேன்."

அதிகாரி உதவியாளர் பக்கம் திரும்பினார். "அடுத்த ஆண்டுத் திட்டத்துல முதியவருக்குத் தலா ஒரு மருமகள் ஒதுக்க முடியுமா பாருய்யா. இல்லாதவங்களுக்குத் தற்காலிக நியமனம்."

"உங்க அப்பா உங்க கூடத்தான் இருக்காரா சார்?" என்று கண்டக்டர் கேட்டார்.

"ஆமா. மாடியில இருக்கார்."

"அவரு என்ன மாத்திரை சாப்பிடறாரு?"

அதிகாரி யோசித்தார். கழுத்து மாலையைச் சரிசெய்துகொண்டார்.

"அவர் ஒண்ணும் சொன்னதில்லையே."

"நானும்தான் சார் சொன்னதில்ல."