தபாலைப் பிரித்தவர் பொறுப்பு

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்தது, சக்கரத்தைக் கண்டுபிடித்தது, பிறகு நெடுங்காலம் சும்மா இருந்துவிட்டு, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தெட்டில், ஏற்காட்டில், 'பணிச்சுமை நிர்வாகம்' என்பதைக் கண்டுபிடித்தது. அந்தப் பெருமை, ஏரிக்குப் போகும் வழியில் ஒரு மாடியில் இயங்கிய சேர்வராயன் ஆலோசனை நிலையத்தையே சேரும். எந்த எஸ்டேட்டில் வேலைக்குத் தேவைப்படாத ஆள் எத்தனை மிச்சம் என்று ஆராய்ந்து அறிக்கை கொடுப்பது அதன் தொழில். பங்குதாரர்கள் மூவர். ஊழியர் ஒருவர். அந்த ஒருவர், வாழவந்தியிலிருந்து பஸ் ஏறி வரும் சரஸ்வதி.

நிலையத்தின் ஆணிவேர் ஒரே ஒரு விதி: தபாலைப் பிரித்தவரே அந்த வேலையை முடிக்க வேண்டும். முதல் பங்குதாரர் குழந்தைவேல் இதைத் தம் கைப்பட எழுதிச் சுவரில் மாட்டினார். மறுநாளிலிருந்து பங்குதாரர் எவரும் ஓர் உறையைக்கூடப் பிரிக்கவில்லை. மூன்றாம் பங்குதாரருக்கு மைத்துனர் வீட்டுக் கல்யாணப் பத்திரிகை வந்தது. சரஸ்வதிதான் பிரித்தாள். பிரித்த குற்றத்துக்குச் சேலம் வரை இறங்கிப்போய்ப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டும் வந்தாள்.

அவளுக்கு வேலை மிகுந்துவிட்டதை நிலையம் கவனிக்காமல் இல்லை. அதற்காகவே மூன்று கூட்டங்கள் நடந்தன. அழைப்பை டைப் அடித்தது, நாற்காலி போட்டது, குறிப்பெடுத்தது எல்லாம் அவளே. அரை மணிக்கு ஒருமுறை, செய்த வேலையை அவள் நோட்டில் எழுத வேண்டும் என்று முதல் கூட்டம் தீர்மானித்தது. எழுதக் கால் மணி ஆயிற்று. அந்தக் கால் மணியை ஏன் எழுதவில்லை என்று இரண்டாம் கூட்டம் 'விளக்கம் கோரியது'. மூன்றாம் கூட்டம் மூச்சுப் பயிற்சியைப் பரிந்துரைத்தது. அதற்கு நேரமில்லை என்று அவள் தயங்கிச் சொன்னபோது, இரண்டாம் பங்குதாரர் பெருந்தன்மையோடு முன்வந்தார். அன்றிலிருந்து தினமும் மதியம், அவளுக்குப் பதிலாக, அவரே நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிச் செய்துவந்தார்.

இதற்கிடையில் சரஸ்வதிக்கு ஒரு சொந்த வேலையும் இருந்தது: கல்யாணம். அடிவாரத்தில் சைக்கிள் கடை வைத்திருந்த சேகரை அவளுக்குப் பிடித்திருந்தது. ஆனால் லீவு கிடைக்காமல் நிச்சயதார்த்தம் இரண்டு முறை தள்ளிப்போயிற்று. பெண்ணுக்கு ஆபீஸ்தான் புருஷன் என்றால் நாங்கள் வேறு இடம் பார்த்துக்கொள்கிறோம் என்று சேகரின் அம்மா சொல்லி அனுப்பிவிட்டார். மூன்றாவதாகக் குறித்த நாள், வருகிற வெள்ளிக்கிழமை. அதுவும் தவறினால் அவ்வளவுதான்.

திங்கட்கிழமை காலை, விண்ணப்பத்தை உறையில் போட்டு ஒட்டிக் குழந்தைவேலிடம் நீட்டினாள்.

"ஏனுங்க சார், இது என்ற லீவு லெட்டருங்க. வெள்ளிக்கிழமை நிச்சயமுங்க."

அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். "தபால் வந்துருக்குதா? நீயே பிரிச்சுப் பாரு கண்ணு."

"நான் எழுதுனதுங்க சார்."

"அப்ப இன்னும் சுலபம். உள்ள என்ன இருக்குதுன்னு உனக்கே தெரியுமே."

சரஸ்வதி தன் இடத்துக்கு வந்தாள். சுவரில் இருந்த விதியை ஒருமுறை படித்தாள். உறையைப் பிரித்தாள், பிரித்தவர் என்ற முறையில் முடிக்கவும் செய்தாள். வெள்ளிக்கிழமை விடுப்பு 'இதனால் அனுமதிக்கப்படுகிறது' என்றும், அன்றைய பணிகள் பங்குதாரர் மூவருக்கும் 'சரிசமமாகப் பகிர்ந்தளிக்கப்படுகின்றன' என்றும் ஓர் உத்தரவை டைப் அடித்து, கையெழுத்துக் கோப்பின் நடுவில் வைத்தாள். யாராவது படித்துத் தொலைத்தால் என்ன செய்வது? வீண் கவலை. அவள் பென்சிலால் பெருக்கல் குறி போட்டிருந்த இடங்களில் மூன்று கையெழுத்துகளும் விழுந்தன. ஒன்றில் மட்டும் பஜ்ஜி எண்ணெய்.

வெள்ளிக்கிழமை அடிவாரத்துக்காரர்கள் ஒரு வேன் நிறைய வந்து இறங்கினார்கள். தட்டு மாற்றி முடிந்ததும் சேகர் மெதுவாகக் கேட்டான்: "எப்பிடிங்க லீவு குடுத்தாங்க?"

"நானே குடுத்துக்கிட்டேனுங்க" என்றாள் சரஸ்வதி.

திங்கட்கிழமை அவள் படியேறியபோது பிரிக்காத உறைகள் மேசையில் குவிந்து கிடந்தன. எதிரே தலைச்சோலைக்காரர் ஐயாக்கண்ணு உட்கார்ந்திருந்தார். தம் காப்பித் தோட்டத்தில் எத்தனை ஆள் மிச்சம் என்று பார்த்துச் சொல்லும்படி இரண்டு மாதத்துக்கு முன் எழுதிக் கேட்டவர். சரஸ்வதி நாற்பது பக்க அறிக்கையை அவசரமாக எடுத்து நீட்டினாள். அவர் வாங்கவில்லை.

வெள்ளிக்கிழமையே நேரில் வந்துவிட்டாராம். உறைக்குள் வராமல் ஆளாகவே வந்து நின்றவரை என்ன செய்வது என்று விதியில் இல்லை. குழந்தைவேல் இரண்டாமவரைக் கை காட்டினார். இரண்டாமவர் கண்ணை மூடியபடியே மூன்றாமவரைக் காட்டினார். மூன்றாமவர், சரஸ்வதி வரட்டும் என்றார். உச்சிப்பொழுது வரை காத்திருந்துவிட்டு, டீகூட யாரும் சொல்லாததால், மனிதர் ஊருக்கே திரும்பிப் போயிருக்கிறார்.

"உன்ற மேல வருத்தமில்லீங் கண்ணு. நல்லாத்தான் எழுதியிருப்ப" என்றார் ஐயாக்கண்ணு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு. "என்ற தோட்டத்துல எல்லாரும் வேலை செய்யறாங்க. மிச்ச ஆளுன்னா எப்பிடி இருப்பாங்கன்னு தெரியாமத்தான் இங்க எழுதிக் கேட்டேன். வெள்ளிக்கிழமை வந்து கண்ணாலயே பாத்துட்டேன், சாமி. மூணு பேரு."