குனிந்து நின்று கம்ப்யூட்டர் கற்ற நடவக்கா

தமிழ்நாட்டில் எத்தனையோ பேர் கம்ப்யூட்டர் கற்றிருக்கிறார்கள். ஆனால் குனிந்து நின்றுகொண்டே கற்றவர் எங்கள் நடவக்கா ஒருவர்தான். யாராவது மறுத்தால் அவர்களை மன்னார்குடிக்கு அழைத்து வந்து, உரக்கடை மாடியில் அக்காவுக்கென்று போட்டிருந்த நாற்காலியைக் காட்டத் தயாராக இருக்கிறேன். மூன்று மாதமும் அதில் உட்கார்ந்திருந்தது அவருடைய சாப்பாட்டுத் தூக்கு மட்டும்தான்.

அந்த மாடியில் அலுவலக வேலைக்கான கம்ப்யூட்டர் பயிற்சி நடந்தது. கடிதம் அடிப்பது, அட்டவணை போடுவது, மெயில் அனுப்புவது, பிரிண்ட் எடுப்பது. ஒன்பது பெண்கள், ஒன்பது மிஷின், சொல்லித்தர பொறுமை குறைவான ஒரு சார். அவருக்கு என்னைவிட மூன்று வயதுதான் அதிகம் இருக்கும். முடிவில் ஒரு பரீட்சை. தேறினால் சான்றிதழ். அது கையில் இருந்தால்தான் ஊருக்கு வெளியே இருக்கும் அரிசி ஆலை அலுவலகத்தில் நேர்காணலுக்கே கூப்பிடுவார்கள்.

எனக்கு அந்தச் சான்றிதழ் வேண்டும். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான். பி.ஏ. முடித்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. தெருக்குழாயில் குடம் வைக்கும்போதெல்லாம் "காலேஜ் பொண்ணு தண்ணி புடிக்க வந்துருக்கு, வழி விடுங்கடி" என்று யாராவது சொல்வார்கள். மரியாதைக்குச் சொன்னது இல்லை.

நடவக்கா படித்தது எட்டாவது. வயது நாற்பத்தைந்து. பதினாறு பெண்களைக் கூட்டிக்கொண்டு ஊர் ஊராக நடவுக்குப் போகும் செட்டுக்குத் தலைவி. நடவு இயந்திரம் வந்து வேலை பாதியாகக் குறைந்தது. மற்றவர்கள் இயந்திரத்தைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். அக்கா திட்டவில்லை. "மிஷினு நம்ம வேலைக்கு வந்துடுச்சு. சரி, நாம மிஷினு வேலைக்குப் போவோம்" என்று மாடிப்படி ஏறிவிட்டார்.

முதல் நாளே புடவையை முழங்கால்வரை தூக்கிச் செருகிக்கொண்டு, கீபோர்டின் மேல் குனிந்தார்.

"அக்கா, உக்காந்து அடிங்க" என்றார் சார்.

"உக்காந்துகிட்டு செய்யிறதெல்லாம் ஒரு வேலையா சார்?"

"இடுப்பு வலிக்கும்க்கா."

"நீங்க பாடத்தைச் சொல்லுங்க. இடுப்பு என்னுது."

இரண்டாவது வாரம் கடிதம். ஆங்கிலத்தில் ஒரு விடுமுறை விண்ணப்பம். தவறான சொல்லின் கீழே சிவப்புக் கோடு வரும் என்று சார் சொன்னதுதான் தாமதம், அக்காவுக்குக் கண் சிவந்துவிட்டது. களை என்றால் அவரால் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது. சிவப்பாகத் தெரிந்ததையெல்லாம் பிடுங்கினார். ஊர்ப் பெயர் போயிற்று. அப்பா பெயர் போயிற்று. சொந்தப் பெயரும் போயிற்று. கடைசியில் அந்த விண்ணப்பத்தில் உயிரோடு இருந்தவை 'சார்', 'தேங்க் யூ' இரண்டும்தான்.

"என்னக்கா இது? யாருக்கு லீவு, எதுக்கு லீவு, ஒண்ணுமே இல்லையே!"

"வயலு சுத்தமா இருக்கா இல்லையா? அதைச் சொல்லுங்க."

மற்றவர்கள் திரையையும் அக்கா விடமாட்டார். நான் நெருக்கி அடித்திருந்த ஒரு பக்கத்தைப் பார்த்துவிட்டு, "இப்படி நெருக்கி நட்டா காத்து எப்படிப் போகும் பாப்பா?" என்றார். வரிகளுக்கு நடுவே இடைவெளி விட்டுப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. அதை நான் அவரிடம் சொல்லவில்லை.

அட்டவணைப் பாடத்தில்தான் சார் தலையில் கை வைத்தார். நாற்பது பெயர் கொடுத்தால் எல்லாரும் ஒன்றிலிருந்து ஆரம்பிப்போம். அக்கா நாற்பதிலிருந்து ஆரம்பித்து மேலே போவார்.

"அக்கா, ஒண்ணுலேருந்து போடுங்க!"

"நடவுல யாராச்சும் முன்னால போவாங்களா சார்? பின்னாலதான் போவோம். முன்னால போனா நட்டதை மிதிச்சுட மாட்டோம்?"

"இது வயலு இல்லக்கா."

"ஒண்ணு எங்க ஓடிடப் போவுது? கடைசில அங்கதானே வந்து சேரப் போறேன்."

பெயர்ப் பட்டியல் இருக்கும் தாளை அவர் வைத்துக்கொள்ளும் விதமும் தனி. கீபோர்டுக்கு மேல்பக்கம் விரித்து வைத்து, ஒரு பெயர் அடித்ததும் தாளைத் தன் பக்கம் ஒரு வரி இழுப்பார். முடிந்த பெயர் கீபோர்டுக்கு அடியில் போய்விடும். நாங்கள் சிரித்தோம். நான்தான் கொஞ்சம் அதிகமாகச் சிரித்தேன்.

இதையெல்லாம்கூட சார் பொறுத்துக்கொண்டார். அவர் பொறுக்காதது ஒன்று உண்டு. தன் வேலை முடிந்ததும் அக்கா வரிசையைத் திரும்பிப் பார்ப்பார். யார் பின்தங்கியிருக்கிறார்களோ அவர்களிடம் போய், இடுப்பால் ஒரு இடி இடித்து, "தள்ளு" என்பார். மிச்சத்தை அவரே அடித்துவிடுவார். அடிக்கடி இடி வாங்கியவள் கூத்தாநல்லூர் ஃபாத்திமா. அவள் பாதியில் இருக்கும்போது சார் அடுத்த பாடத்துக்குப் போனால் அக்கா விடமாட்டார்.

"இருங்க சார், ஃபாத்திமா இன்னும் சேத்துல நிக்கிது. வரப்புல ஏறுனா எல்லாரும் ஒண்ணா ஏறணும்."

என்னிடமும் ஒருநாள் இடுப்போடு வந்தார். நான் கீபோர்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். "என்னுதை நானே பாத்துக்குறேன்க்கா. நான் பி.ஏ. படிச்சிருக்கேன்" என்றேன். இப்போது எழுதும்போதுகூடக் காது சூடாகிறது. அக்கா முகம் மாறவில்லை. "சரி பாப்பா" என்று போய்விட்டார். அதன் பிறகு என் பக்கம் அவர் வரவே இல்லை, பரீட்சை நாள் வரைக்கும்.

தஞ்சாவூரிலிருந்து ஒரு மேடம் பரீட்சை நடத்த வந்தார். ஒரு மணி நேரம். நாற்பது பேருடைய வருகைப்பதிவை அட்டவணையாகப் போட்டு, கூட்டிக் காட்டி, பிரிண்ட் கொடுக்க வேண்டும். நான் வேகமாகத்தான் போனேன். முப்பத்தைந்து பெயர் ஆனபோது நடுவில் ஒன்றை விட்டுவிட்டது தெரிந்தது. பதற்றத்தில் எதையோ அமுக்கினேன். மூடப் போகிறேன், சேமிக்கட்டுமா என்று மிஷின் கேட்டது. 'வேண்டாம்' என்பதை அமுக்கிவிட்டேன்.

திரையில் ஒன்றும் இல்லை. அரை மணிக்கு மேல் போயிருந்தது. கை கீபோர்டின் மேல் இருக்கிறது, விரல் அசையவில்லை. ஆலை, நேர்காணல், தெருக்குழாய் எல்லாம் கண்முன்னால் வரிசையாக வந்து போயின.

அப்போது இடுப்பில் ஒரு இடி.

"தள்ளு பாப்பா."

நான் தள்ளினேன். அக்கா குனிந்து நாற்பதிலிருந்து நட ஆரம்பித்தார். பத்துப் பெயர் ஆனதும் மேடம் ஓடி வந்தார்.

"என்னம்மா பண்றீங்க?"

"இந்தப் பொண்ணு பின்தங்கிட்டுது மேடம். என்னுது முடிஞ்சிடுச்சு."

"இது பரீட்சைம்மா!"

"ஆமாங்க மேடம். அதான் சுருக்க முடிச்சுடலாம்னு."

சார் கண்ணை மூடிக்கொண்டார். மேடம் வாசலைக் காட்டினார். "ரெண்டு பேரும் எழுந்து வெளியே போங்க. ரெண்டு பேருக்கும் சான்றிதழ் கிடையாது."

எழுந்திருக்க அக்கா எங்கே உட்கார்ந்திருந்தார்? ஆனால் முதல்முறையாக அவர் நிமிர்ந்து நின்றதைப் பார்த்தேன். தான் செய்தது குற்றம் என்பதே அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. மூன்று மாதம் அசையாத முகம் வெளுத்துவிட்டது.

"அது கூப்புடல மேடம். நானாத்தான் போனேன். என்னை வேணா அனுப்புங்க, அது உக்காரட்டும். படிச்ச பொண்ணு."

அந்தச் சொல்லை அக்கா வாயிலிருந்து கேட்டதும் எனக்கு எங்கிருந்தோ தைரியம் வந்தது. எழுந்து நின்றேன்.

"மேடம், அவங்க போட்ட பத்தையும் அழிச்சுடுறேன். மிச்ச நேரத்துல நாற்பதையும் நானே போடுறேன். ஆனா அவங்களுது அவங்க மிஷின்ல முழுசா இருக்கு. அதைப் பாருங்க. தப்பு ஒண்ணு இருந்தாலும் எங்க ரெண்டு பேரையும் அனுப்பிடுங்க."

மேடம் என்னை ஒரு தடவை பார்த்தார். அக்காவின் தாளைப் பிரிண்ட் எடுத்து, விரல் வைத்து ஒவ்வொரு வரியாகப் பார்த்தார். இரண்டாம் முறையும் பார்த்தார். ஒரு தப்பும் இல்லை.

"யாரு சொல்லிக் குடுத்தது உங்களுக்கு?"

"சார்தான்" என்றார் அக்கா. சார் சுவரைப் பார்த்தார்.

"சரி. இதை எடுத்துக்குறேன். நீங்க வெளியில போய் நில்லுங்க. நீ அழிச்சுட்டுப் போடு. இருபது நிமிஷம் இருக்கு. ஒரு நிமிஷம்கூட அதிகம் கிடையாது."

அழித்தேன். நாற்காலியைப் பின்னால் தள்ளினேன். பட்டியலைக் கீபோர்டுக்கு மேல்பக்கம் விரித்து, குனிந்து, நாற்பதாவது பெயரிலிருந்து ஆரம்பித்தேன். ஒரு பெயர், ஒரு இழுப்பு. முடிந்த வரி அடியில் போகிறது, அடுத்த வரி விரல் நுனியில் வந்து நிற்கிறது. வரி தவற வழியே இல்லை. நான் சிரித்த சிரிப்பெல்லாம் ஒவ்வொரு இழுப்புக்கும் ஞாபகம் வந்தது. இடுப்பு விண்விண் என்றது.

"முடிச்சவங்க போகலாம்" என்றார் மேடம்.

யாரும் எழவில்லை.

"ஏன் உக்காந்திருக்கீங்க? நீங்கல்லாம் முடிச்சாச்சுல்ல?"

ஃபாத்திமா என் பக்கம் கையைக் காட்டினாள். "அது இன்னும் சேத்துல நிக்கிது மேடம்."

முதல் பெயரை அடித்து, கூட்டிக் காட்டி, பிரிண்டரில் தாள் வெளியே வந்தபோது நேரம் முடிய ஒரு நிமிஷம் இருந்தது. ஒன்பது பேரும் ஒன்றாகத்தான் மாடிப்படி இறங்கினோம். ஒன்பது பேருக்கும் சான்றிதழ் வந்தது.

அரிசி ஆலையில் இப்போது வேலை பார்க்கிறேன். தெருக்குழாயில் யாரும் இப்போது வழி விடச் சொல்வதில்லை. அக்காவைக் கீழே இருக்கும் உரக்கடைக்காரரே பில் போட எடுத்துக்கொண்டார். யூரியா அதிகமாகக் கேட்கும் ஆட்களிடம், "நெருக்கி நட்டுட்டு உரத்தைக் கொட்டுனா ஆச்சா?" என்று சண்டைக்குப் போகிறார். கடைக்காரருக்கு விற்பனை குறைகிறது, ஆனால் கூட்டம் குறையவில்லை.

ஆலை விட்டு வந்து நான் ஏற வேண்டிய எங்கள் ஊர்ப் பஸ் சாயங்காலம் ஐந்தே முக்காலுக்கு உரக்கடை வாசலில் நிற்கும். அக்கா கடையை விட்டுக் கிளம்ப ஆறு மணியாகும். அவர் போகும் பஸ்ஸும் வேறு. கண்டக்டர் தினமும் என்னைப் பார்த்து விசில் ஊதுகிறார். நான் தினமும் கையை ஆட்டி அந்தப் பஸ்ஸை அனுப்பிவிட்டு, கடை வாசலில் நின்றுகொள்கிறேன்.