டயரை உதைத்துத் தீர்ப்புச் சொல்பவர்

உதைநிபுணர் என்றொரு இனம் இருக்கிறது. மிருகக்காட்சிசாலையில் தேடாதீர்கள், அங்கே யாரும் அடைத்து வைக்கவில்லை. ஒரு காரை நாலு நிமிஷம் சும்மா நிறுத்திப் பாருங்கள், எங்கிருந்தோ வந்துவிடுவார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, வீடு வாங்க வந்தவர் சுவரைப் பார்ப்பதுபோல் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி, முன் டயரைச் செருப்புக் காலால் ஓர் உதை உதைத்து, அந்தச் சத்தம் அடங்கும்வரை தலையைச் சாய்த்துக் கேட்டு, கண்ணை மூடித் திறந்து, தீர்ப்பு வழங்குவார்.

"காத்து கம்மி."

இல்லையென்றால், "காத்து அதிகம்." எல்லாம் சரியாக இருக்கிறது என்று ஓர் உதைநிபுணர் சொல்லி நீங்கள் கேட்டதுண்டா? நான் கேட்டதில்லை.

எங்கள் வீட்டுக்கு வாய்த்தவர் என் கொழுந்தனார். தபால் ஆபீஸில் முப்பது வருஷம் முத்திரை குத்தி ஓய்வு பெற்றவர். கை ஓய்ந்ததும் அந்த வேலையைக் கால் எடுத்துக்கொண்டது என்று நினைக்கிறேன். மற்றபடி தங்கமான மனுஷர். யாருக்காவது உடம்புக்கு முடியவில்லையென்றால் முதலில் வந்து நிற்பார், கடைசியில்தான் போவார். காருக்கும் அப்படியே. அங்கேதான் வந்தது வினை.

என் இளைய மகள் நர்ஸ். ஊரைத் தாண்டி, நெடுஞ்சாலையில் முக்கால் மணி நேரம் போனால் வரும் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் அவளுக்கு வேலை கிடைத்தது. அவளுடைய காலை ஷிப்டு நேரத்துக்குப் பஸ் கிடையாது. அதனால் ஓட்டக் கற்று, லைசென்ஸ் எடுத்து, பழைய கார் ஒன்றை வாங்கினாள். வேலையில் சேரப் பத்து நாள் இருந்தது. தினமும் சாயங்காலம் அதே சாலையில் ஓட்டிப் பழகினாள், பக்கத்து சீட்டில் சித்தப்பா. முதல் இரண்டு நாள் வண்டி வெண்ணெய்போல் வழுக்கிக்கொண்டு போனது. மூன்றாம் நாள் எண்பது வேகத்தைத் தொட்டதும் ஸ்டியரிங் நடுங்கத் தொடங்கியது.

வீட்டு வாசலில் வண்டி நின்றது. சித்தப்பா இறங்கினார். உதைத்தார்.

"காத்து அதிகம்மா. கல்லு மாதிரி இருக்கு."

காற்றை அளக்கும் கருவி அவரிடமும் உண்டு. ஆனால் அதை உதைத்த பிறகுதான் எடுப்பார், தன் காலுக்கு அது சாட்சி சொல்லவேண்டும் என்பதற்காக. கருவி முப்பத்தாறு காட்டியது. முப்பத்திரண்டுக்கு இறக்கினார். ஓடி வந்த சூட்டில் டயருக்குள் காற்று விரிந்திருக்கும், வண்டி நின்று ஆறிய பிறகுதான் அளக்கவேண்டும் என்று அவருக்கு யார் சொல்வது? எவ்வளவு இருக்கவேண்டும் என்பதை ஓட்டுநர் கதவோரத்தில் சீட்டாகவே ஒட்டியிருக்கிறார்கள். வாசிக்கத் தெரியாத எனக்கே அந்தச் சீட்டு இருக்கும் இடம் தெரியும்.

மறுநாள் காலையில் ஆறிப்போன டயர் இருபத்தெட்டு காட்டியது.

"பாத்தீங்களா அண்ணி, காத்து இறங்குது. எங்கேயோ பஞ்சர்."

பம்பை மிதித்து மிதித்து ஏற்றினார். சாயங்காலம் வண்டி ஓடி வந்ததும் மறுபடி முப்பத்தாறு. இறக்கினார். காலையில் ஏற்றம், மாலையில் இறக்கம், சூரியனுக்கும் அவருக்கும் ஒரே உத்தியோகம். இல்லாத பஞ்சரைத் தேடி நாலு டயரையும் சோப்புத் தண்ணீரில் குளிப்பாட்டினார். எங்கள் வீட்டில் எந்தக் குழந்தையையும் அவ்வளவு பொறுமையாக யாரும் குளிப்பாட்டியதில்லை.

ஸ்டியரிங் நடுங்கிக்கொண்டே இருந்தது.

சரி, தீர்ப்பு பலிக்காவிட்டால் உதைநிபுணர் என்ன செய்வார்? தப்பாகச் சொல்லிவிட்டேன் என்பாரா? அதுதான் இல்லை. வண்டியை விட்டுவிட்டு, ஓட்டுகிறவரைப் பார்ப்பார்.

"உனக்குப் பிடி சரியில்லம்மா. பயத்துல கை நடுங்குது, அது அப்படியே ஸ்டியரிங்குக்குப் போகுது."

அவள் ஊசி போட்டால் பச்சைக் குழந்தைகூடச் சிணுங்காது. அந்தக் கையைப் பார்த்துச் சொன்னார். அதைவிடக் கொடுமை, அவள் அதை நம்பிவிட்டாள். சேர வேண்டிய நாளுக்கு இரண்டு நாள் முன்னால் அடுக்களைக்கு வந்து என் பக்கத்தில் நின்றாள்.

"அம்மா, வேலை வேண்டாம்னு போன் பண்ணிடப் போறேன். எனக்கு வண்டி ஓட்ட வரல."

"மொத ரெண்டு நாள் யாரு ஓட்டுனது? நானா?"

"அது ஏதோ தெரியாம வந்துடுச்சு."

"தெரியாமலே இன்னொரு தடவை ஓட்டு. சாவியை எடு."

எனக்குப் பிடிவாதக்காரி என்று வீட்டில் பெயர். பின் சீட்டில் ஏறி உட்கார்ந்து, டயர் கடை வந்தால்தான் இறங்குவேன் என்றேன். கொழுந்தனாரும் ஏறிக்கொண்டார். நோயாளியைத் தனியாக அனுப்ப அவருக்கு மனசு வருமா?

டயர் கடையை நடத்துவது ஒரு பெண்மணி. முழங்கைவரை கறுப்பு, பேச்சு கம்மி. கொழுந்தனார் இறங்கியதுமே காலைத் தூக்கினார்.

"அண்ணே, உதைக்காதீங்க. அடிச்சாலும் அது உண்மையைச் சொல்லாது."

அந்த அம்மாள் கருவியை வைத்துப் பார்த்தார். "ஓடி வந்த சூட்டுக்கு இது சரியான அளவுதான். காத்துல குத்தமில்ல. எப்பம்மா நடுங்குது?"

"எண்பதுக்கு மேல போனா. என் கைதான்..."

"கைன்னா நாப்பதுலயும் நடுங்கணுமே. இது சக்கரம்."

அவ்வளவுதான், ஒரே வாக்கியம். என் மகள் அந்த அம்மாளின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

முன் சக்கரத்தைக் கழற்றி இயந்திரத்தில் மாட்டிச் சுழற்றினார். நிறுத்தினார். ரிம்மின் உட்புறத்தில், கட்டைவிரல் அகலத்துக்கு ஓரிடம் மட்டும் பளிச்சென்று இருந்தது.

"இங்க ஒரு ஈயத்துண்டு ஒட்டியிருக்கும். சக்கரம் எல்லாப் பக்கமும் ஒரே கனமா சுத்தணும்னு ஒட்டுறது. யாரோ சுரண்டி எடுத்திருக்காங்க."

கொழுந்தனார் தொண்டையைச் செருமினார். "ரெண்டாம் நாள் வண்டி கழுவுறப்ப பார்த்தேன். அழுக்கு மாதிரி அசிங்கமா இருந்துச்சு. எடுக்கிறதுக்குள்ள உயிரே போச்சு, அப்படி ஒட்டியிருந்தான்."

"இந்த ஒண்ணுதான் எடுத்தீங்களா அண்ணே?"

"ஒரு சக்கரத்துல எடுத்துட்டு மத்ததுல விட்டா நல்லாவா இருக்கும்?"

நாலு சக்கரத்துக்கும் புதுத் துண்டு ஒட்டினார்கள். திரும்பும்போது மகள் நெடுஞ்சாலைக்கு விட்டாள். எண்பது. தொண்ணூறு. ஸ்டியரிங் தூங்குகிற குழந்தைபோல் கிடந்தது.

"சித்தப்பா, என் கை நடுங்குதா?"

"நடுங்குதுன்னு நான் எப்பம்மா சொன்னேன்?"

அவள் சாலையைப் பார்த்து ஓட்டினாள். நாலைந்து கிலோமீட்டர் போயிருக்கும்.

"சொல்லியிருக்கக் கூடாதும்மா," என்றார் ஜன்னல் பக்கம் திரும்பி.

அதிலிருந்து இரண்டாம் நாள் அவள் தனியாகவே ஓட்டிக்கொண்டு வேலைக்குப் போனாள்.

கொழுந்தனாரை நினைத்து நீங்கள் சிரித்திருப்பீர்கள். சிரியுங்கள், அவரும் இப்போது சிரிக்கிறார். ஆனால் இந்த இனத்துக்குக் கார்தான் வேண்டும் என்பதில்லை. அடுப்பு சரியாக எரியாவிட்டால் சமைக்கிறவளையும், பேனா எழுதாவிட்டால் படிக்கிற பிள்ளையையும் பார்க்கிறவர்கள் எத்தனை பேர்? உங்கள் வீட்டில் ஏதோ ஒன்று ஓடாமல் நின்றபோது, அதைப் பிடித்திருந்த கையைப் பார்த்துக் கடைசியாக நீங்கள் என்ன சொன்னீர்கள்? நான் எப்போது அப்படிச் சொன்னேன் என்றுதானே வாயில் வருகிறது? அவருக்கும் முதலில் அதுதான் வந்தது.