தாழம்பூ கார்டும் அக்காவின் நிச்சயதார்த்தமும்

சும்மா உட்காரத் தெரியாதவனிடம் விசேஷ வீட்டில் எந்த வேலையும் கொடுக்கக் கூடாது. கொடுக்காமலும் இருக்கக் கூடாது. கொடுத்தால் அந்த வேலையைக் கெடுப்பான். கொடுக்காவிட்டால் அவனாகவே ஒன்றைக் கண்டுபிடித்து, அதோடு சேர்த்து விசேஷத்தையும் கெடுப்பான். என் அக்கா கோமதியின் நிச்சயதார்த்தத்தில் நான் இரண்டாவது ரகம்.

அப்போது எனக்குச் செங்கம் ரோட்டில் ஒரு கஃபேயில் வேலை. கல்லாவில் உட்கார வைத்திருந்தார்கள். எனக்கோ ஐந்து நிமிஷம் சேர்ந்தாற்போல் உட்கார்ந்தால் உள்ளங்காலில் எறும்பு ஊறும். காலை ஆட்டக் கூடாது என்று முதலாளி சொல்லிவிட்டதால் கையை ஆட்டினேன். பில் பேப்பரின் பின்பக்கம் பூ வரைவது அப்படித்தான் தொடங்கியது.

கஃபேக்குத் தினமும் வரும் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி அதைப் பார்த்துவிட்டு, "இந்தப் பூவுக்கு உங்கள் ஊரில் என்ன அர்த்தம்?" என்று கேட்டார். அவர்கள் நாட்டில் ஒவ்வொரு பூவுக்கும் ஒரு அர்த்தம் உண்டாம். வாயால் சொல்ல முடியாததை வாழ்த்து அட்டையில் பூவாக வரைந்து அனுப்புவார்களாம். எங்கள் ஊரில் பூவுக்கு முழம்தான் உண்டு, அர்த்தம் கிடையாது என்று சொல்ல வாயெடுத்தவன், எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு கதை சொன்னேன். அவர் கண் விரிந்தது. என் தலை கொஞ்சம் வீங்கியது.

அதிலிருந்து கார்டு போட ஆரம்பித்தேன். முன்பக்கம் வாட்டர் கலரில் பூ, இலை, காய், வேர் எல்லாம். பின்பக்கம் அந்தப் பூவைப் பற்றி ஊரில் சொல்லும் கதை நான்கு வரி. கொஞ்ச நாளிலேயே ஒன்று புரிந்தது. நல்ல பூவுக்குக் கதை கிடையாது. மல்லியைப் பற்றி 'மணக்கும்' என்று எழுதியதுமே விஷயம் தீர்ந்துவிடுகிறது. எருக்கு, ஊமத்தை, அரளி, இதற்கெல்லாம்தான் கதை இருக்கிறது. ஆட்கள் கேட்டு வாங்கியதும் அவற்றைத்தான்.

இந்த நிலையில்தான் அக்காவுக்குக் கீழ்பென்னாத்தூரில் இடம் அமைந்தது. வந்தவர்களுக்குக் கொடுக்கும் தாம்பூலப் பையில் ஆளுக்கு ஒரு கார்டு போடுவது என்று நான் முடிவு செய்தேன். (யாரும் கேட்கவில்லை. அதை இன்றைக்கும் வீட்டில் அடிக்கோடிட்டுச் சொல்வார்கள்.)

அச்சடித்துக் கொடுத்த ஜாபர் பாய் மட்டும் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, "பின்னாடி எழுத்து ஜாஸ்தியா இருக்குதே தம்பி. விசேஷத்துக்கு வர்றவங்க இதெல்லாமா படிப்பாங்க?" என்றார்.

"படிக்க மாட்டாங்க பாய். அழகுக்குத்தான்."

அம்மாவும் ஒரு வார்த்தை கேட்டாள். "எல்லாம் நல்ல பூதானேடா?"

"எல்லாமே சாமிக்கு வைக்கிற பூதாம்மா" என்றேன். ஒன்றே ஒன்றைத் தவிர.

தாம்பூலப் பையை வந்தவர்கள் கிளம்பும்போதுதான் கொடுப்பார்கள். அன்றைக்கு மாப்பிள்ளை வீட்டு வேன் சீக்கிரமே வந்துவிட்டது. ராகு காலம் முடியும்வரை தட்டு மாற்ற முடியாது. மண்டபத்தில் எல்லோரும் ஜூஸ் குடித்துவிட்டு, பேச்சும் தீர்ந்து, மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நான் வாசலில் பைகளோடு நின்றேன். நின்றேன் என்றால், இரண்டு காலையும் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு நின்றேன். பிறகு பொறுக்க முடியாமல் உள்ளே போய் எல்லோருக்கும் கொடுத்துவிட்டேன்.

வேலையில்லாத ஒரு கூட்டத்திடம் படிக்க ஏதாவது கொடுத்தால் என்ன ஆகும் என்பதை அன்றுதான் பார்த்தேன். வெற்றிலையை யாரும் தொடவில்லை. எல்லோரும் கார்டைத்தான் எடுத்தார்கள். கிளி எடுத்துப் போட்ட சீட்டுபோல், தன் பெயருக்கு வந்த பலன் என்றே நினைத்து வாசித்தார்கள்.

"உனக்கு இன்னா பூ?"

"அல்லி. ராத்திரி தூங்காதாம். உனக்கு?"

மாப்பிள்ளையின் அம்மாவுக்கு எருக்கம்பூ. பிள்ளையாருக்கு உகந்தது, வீட்டில் வளர்த்தால் வீடு பாழாகும், கிள்ளினால் வடியும் பால் கண்ணுக்கு ஆகாது. பெண் எடுக்க வந்த மாமியார் கையில் பெண் வீட்டார் கொடுத்த கார்டு இது. அவர் ஒருமுறை வாசித்தார். மடித்து ரவிக்கையில் வைத்துக்கொண்டார். மாப்பிள்ளையின் அத்தைக்கு ஊமத்தை. விதையைத் தின்றால் பித்துப் பிடிக்கும். அத்தை என்னையே பார்த்தார். நான் அதை ரசிப்பு என்று எடுத்துக்கொண்டு சிரித்து வைத்தேன்.

அப்போதுதான் மாப்பிள்ளையின் தாய்மாமன் ஏழுமலை என்னை விரலால் கூப்பிட்டார். அவர் கையில் தாழம்பூ.

அந்தக் கதை எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். சிவனின் முடியைப் பார்த்துவிட்டேன் என்று பிரம்மா பொய் சொன்னார். அதற்குத் தாழம்பூ சாட்சி சொன்னது. அதனால் சிவபூஜையில் அதற்கு இடமில்லாமல் போனது. நான் வரைந்ததிலேயே அழகான பூ அதுதான். ஒவ்வொரு முள்ளையும் தனித்தனியாக வரைந்திருந்தேன்.

"தம்பி, இத எனக்குன்னு பார்த்து வச்சீங்களா?" என்று அவர் மெதுவாகக் கேட்டார்.

பாராட்டப் போகிறார் என்று நினைத்தேன். "உங்களுக்குன்னே வச்சதுதாங்க மாமா!"

"யார் சொன்னாங்க?"

"யார் சொல்லணுங்க? ஊருக்கே தெரிஞ்ச கதைதானே. சின்னப் பசங்களக் கேட்டாக்கூட சொல்லுவாங்க."

அவர் முகம் வெளுத்தது. எனக்குத் தெரியாத விஷயம் ஒன்று இருந்தது. மாப்பிள்ளையின் அப்பாவுக்கும் அவருடைய தம்பி முனுசாமிக்கும் தோட்டத்துக் கிணற்றில் பங்கு கேட்டு வழக்கு. தம்பி தன் பங்கை விட்டுக்கொடுத்ததை நேரில் பார்த்தேன் என்று கோர்ட்டில் சாட்சி சொன்னவர் இந்த ஏழுமலை. கிணறு அண்ணனுக்கு வந்தது. அன்றிலிருந்து அண்ணனும் தம்பியும் பேசுவதில்லை. அண்ணன் மகன் விசேஷம் என்பதற்காக வந்த முனுசாமி, கடைசி வரிசையில் செருப்புகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

மாப்பிள்ளையின் அப்பா, "என்னய்யா அது?" என்று குரல் கொடுத்தார்.

ஏழுமலை எழுந்தார். "ஊருக்கே தெரியுமாம் மாமா. பொய்ச்சாட்சி சொன்ன பூவாம் நானு." என் பக்கம் திரும்பினார். "ஏன் தம்பி, பூவப் போட்டீங்களே, பொய் சொல்லச் சொன்ன பிரம்மாவ ஏன் போடல?"

இந்த இடத்தில் வாயை மூடியிருந்தால் நான் மனிதன். ஆனால் என் வேலையில் குறை சொன்னால் எனக்குப் பொறுக்காது. "பிரம்மாவும் இருக்காருங்க! மூணாவது வரியப் பாருங்க. அவருக்குக் கோயிலே இல்லாம போச்சின்னு போட்டிருக்கேன்!" என்று, பிரம்மாவாக நின்றுகொண்டிருந்த மாப்பிள்ளையின் அப்பாவிடமே கார்டை நீட்டினேன்.

அவர் வாசித்தார். துண்டை உதறித் தோளில் போட்டார். "தட்டுங்கள எடுங்க. வேனைக் கிளப்பச் சொல்லு."

அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டாள். அலங்கார அறை வாசலில் அக்கா பாதி ஜடையோடு நின்றாள். அவள் பார்வையைப் பார்த்ததும் எனக்கு வந்த ஒரே யோசனை, எல்லாக் கார்டையும் திரும்ப வாங்கிவிடுவது. வரிசை வரிசையாக ஓடினேன். கையிலிருந்து பிடுங்கினேன். யாரோ ஒரு பெரியவரின் மருந்துச் சீட்டையும் பிடுங்கிவிட்டேன். ஊமத்தை அத்தை மட்டும், "எனக்கு வந்த பூவ நான் ஏன் தரணும்?" என்று பையின் மேல் உட்கார்ந்துகொண்டார்.

அந்த அமளிக்கு நடுவே, "உக்காருங்க" என்று ஒரு குரல் கேட்டது. மாப்பிள்ளையின் அம்மா. கணவரிடம்தான் சொன்னார். குரலை உயர்த்தவில்லை.

"எனக்கு எருக்கம்பூ வந்திருக்குது. நான் ஏதாவது கேட்டனா? என் தம்பி உங்களுக்காகக் கூண்டுல ஏறினதிலிருந்து நம்ம வீட்ல ஒரு வாய் சோறு தின்னதில்ல. பொய் சொன்ன வாயால எப்பிடிக்கா திங்கறதுன்னு கேட்டான். இத்தன நாளா நானும் வாய மூடிக்கிட்டிருந்தேன். இந்தப் பையன் ஒண்ணும் தெரியாம ஒரு பூவ வரைஞ்சிருக்கான். அவன் மேல கோவப்பட்டு இன்னா ஆவப்போவுது?"

கணவர் உட்காரவும் இல்லை, கிளம்பவும் இல்லை. கடைசி வரிசையிலிருந்து முனுசாமி எழுந்து வந்தார். வெட்டுக் குத்துதான் என்று நான் தூணுக்குப் பின்னால் போனேன். அவர் அண்ணனின் முன்னால் நின்று கடிகாரத்தைக் காட்டினார்.

"ராகு காலம் முடிஞ்சிடுச்சி அண்ணே. கிணத்த அப்பறம் பேசிக்கலாம். மொதல்ல தட்ட மாத்து. பொண்ணு நின்னுக்கிட்டே இருக்குது பாரு."

மாப்பிள்ளையின் அப்பா தம்பியைப் பார்த்தார். தோளிலிருந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார். பிறகு போய் ஜமக்காளத்தில் உட்கார்ந்தார். தட்டு மாறியது. பந்தியில் ஏழுமலைக்கு அவருடைய அக்காவே நின்று பரிமாறினார். அவர் குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டார். இரண்டு முறை சோறு வாங்கினார். கை கழுவும் இடத்தில், "கிணத்துத் தண்ணிய முறை வச்சி எடுத்துக்கடா" என்று அண்ணன் தம்பியிடம் சொன்னது என் காதிலும் விழுந்தது.

எனக்கு நன்றி சொல்வார்கள் என்று பக்கத்திலேயே நின்றேன். யாரும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்ததும் அக்கா என் தலையில் நறுக்கென்று குட்டினாள். கல்யாணத்தன்று என்னைப் பேனா, பிரஷ், கரி என எதையும் தொடவிடாமல் பார்த்துக்கொள்ள இரண்டு சித்திகளை நியமித்திருந்தார்கள்.

ஆனால் அந்தக் குடும்பத்தின் பேச்சில் நான் ஒன்றைச் சேர்த்துவிட்டேன். அங்கே யாராவது நம்பும்படியாக இல்லாத எதையாவது சொன்னால், "சாட்சிக்கு யாரு, பூவா?" என்பார்கள். மாப்பிள்ளையின் அப்பாவே பேரப்பிள்ளைகளிடம் அப்படிக் கேட்கிறார்.

போன பௌர்ணமிக்கு அத்தான் வீட்டுக்கு வர ரொம்பத் தாமதமாகிவிட்டது. கிரிவலக் கூட்டத்தில் பஸ் மாட்டிக்கொண்டது என்று போனில் சொன்னார். அக்கா வழக்கம்போல், "சாட்சிக்கு யாரு, பூவா?" என்று கேட்டாள்.

"உன் தம்பி கூடவேதான் இருக்கான். வேணும்னா அவனையே கேளு."

"அப்ப பூவேதான்" என்று அக்கா போனை வைத்துவிட்டாள்.